கார்ல் ஸ்பூனரின் 18 இன்னிங்ஸ்

1954 செப்டம்பர் 22. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், எபெட்ஸ் ஃபீல்டு பேஸ்பால் மைதானத்தில் சுமார் 3,000 பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள். 32,000 பேர் கொள்ளும் இடம். ஆனால் பார்க்க என்ன இருந்தது? இரண்டு நாள் முன்பு இதே மைதானத்தில் புரூக்ளின் டாட்ஜர்ஸைத் தோற்கடித்து, நியூயார்க் ஜெயன்ட்ஸ் நேஷனல் லீக் பட்டத்தை வென்றிருந்தது. மீதமிருந்த ஆட்டங்கள் அட்டவணைக்காக மட்டுமே. அன்று டாட்ஜர்ஸுக்குப் பிட்சராக, அதாவது பந்து வீசுபவராக, இறங்கியவர் கீழ்நிலை டெக்சாஸ் லீகிலிருந்து வந்த 23 வயது இடக்கை ஆட்டக்காரர் கார்ல் ஸ்பூனர். முதல் இன்னிங்ஸிலேயே மூன்று பேஸ்களிலும், அதாவது ரன்னுக்கான வழியிலுள்ள மூன்று நிலைகளிலும், எதிரணி ஆட்கள் நின்றார்கள். பேட்டருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர் ராய் கேம்பனெல்லா, பிட்சர் நின்று வீசும் மேட்டுக்கு நடந்து போய் அவரோடு பேசினார். அந்த இன்னிங்ஸ் ரன் இல்லாமல் முடிந்தது. ஆட்டமும் அப்படியே முடிந்தது: 3–0, ஜெயன்ட்ஸ் அடித்த ஹிட் (அடித்துப் பேஸை எட்டுவது) மூன்று, ஸ்ட்ரைக்அவுட் (பேட்டரை அடிக்கவிடாமலே அவுட்டாக்குவது) 15.

நான்கு நாள் கழித்து பிட்ஸ்பர்க் பைரேட்ஸுக்கு எதிராக மறுபடி வீசினார். 1–0, ஸ்ட்ரைக்அவுட் 12. சீசன் அதோடு முடிந்தது. இரண்டு ஆட்டம், 18 இன்னிங்ஸ், ஒரு ரன்கூட இல்லை, 27 ஸ்ட்ரைக்அவுட்.

சரியாக ஓராண்டும் சில நாட்களும் கழித்து, 1955 அக்டோபர் 3 அன்று, பேஸ்பாலின் உச்ச நிலையான மேஜர் லீகில் அவருடைய வாழ்க்கை முடிந்துவிட்டது. மொத்தம் 31 ஆட்டங்கள், 116⅔ இன்னிங்ஸ், பிட்சராக அவர் பேரில் 10 வெற்றி, 6 தோல்வி. எபெட்ஸ் ஃபீல்டு நாளில் தொடங்கிய ஒருவர் இத்தனை வேகமாக எப்படிக் காணாமல் போனார்? பதில் தோள்பட்டையில் இருக்கிறது. ஆனால் தோள்பட்டை என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டால் பாதி விஷயம் நழுவிவிடும்.

முதலில் அந்த 27-ஐ எடை போட்டுப் பார்க்க வேண்டும். பேஸ்பாலில் ஓர் அணி ஒன்பது இன்னிங்ஸ் ஆடுகிறது, இன்னிங்ஸுக்கு மூன்று அவுட். எதிரணியை முழுசாக முடிக்க ஒரு பிட்சருக்கு 27 அவுட் தேவை, இரண்டு ஆட்டத்துக்கு 54. அதில் பாதியை ஸ்பூனர் ஸ்ட்ரைக்அவுட்டாகவே எடுத்தார். அதாவது ஃபீல்டர்களுக்கு வேலையே வைக்காமல், பேட்டரும் தானும் மட்டும் மோதி எடுத்த அவுட்கள். கிரிக்கெட்டில் ஒரு பந்துவீச்சாளர் தன் விக்கெட்டுகளில் பாதியை ஸ்டம்பைப் பெயர்த்தே எடுப்பதை நினைத்துக்கொண்டால் ஏறக்குறைய விளங்கும். அந்த ஆண்டுகளில் நேஷனல் லீகில் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக ஐந்து ஸ்ட்ரைக்அவுட்கூட விழுவதில்லை. ஸ்பூனரின் விகிதம் 13.5.

ஆனாலும் கழிக்க வேண்டியதைக் கழிக்கத்தான் வேண்டும். ஜெயன்ட்ஸுக்கு அன்று இழப்பதற்கு ஒன்றுமில்லை. அவர்கள் மனம் மேஜர் லீகின் இறுதிப் போட்டியான உலகத் தொடருக்குப் போய்விட்டிருந்தது. பைரேட்ஸ் அந்த ஆண்டு 101 ஆட்டங்களில் தோற்று லீகின் அடிமட்டத்தில் கிடந்த அணி. அதோடு, அறிமுகமே இல்லாத பிட்சரை முதன்முறை சந்திக்கும் பேட்டர் எப்போதும் ஒரு படி பின்தங்கித்தான் நிற்பார். பந்து கையை விட்டுக் கிளம்பும் இடம், வளைந்து விழும் கர்வ் பால் எந்த இடத்தில் விழத் தொடங்கும், எந்தக் கட்டத்தில் எதை வீசுவார் என்பதெல்லாம் இரண்டு மூன்று முறை எதிரே நின்றால்தான் பிடிபடும். வீடியோ பார்த்துத் தயாராகும் வசதியும் அப்போது இல்லை. செப்டம்பர் மாத வெற்றிகளை அனுபவசாலிகள் பாதி விலைக்கே எடுத்துக்கொள்வது இதனால்தான்.

புரூக்ளின் ரசிகர்கள் அந்தக் கணக்கையெல்லாம் போடவில்லை. ஸ்பூனரை இன்னும் முன்னதாகவே கூப்பிட்டிருக்கலாமே என்ற புலம்பல் ஆங்கிலத்தில் எதுகையோடு ஊரெங்கும் பரவியது. ஜெயன்ட்ஸ் 97 வெற்றி, டாட்ஜர்ஸ் 92. ஐந்து ஆட்ட வித்தியாசத்தை ஒரே பிட்சர் அடைத்திருப்பாரா என்பது சந்தேகம்தான். ஆனால் குளிர்காலம் முழுக்க அடுத்த ஆண்டைப் பற்றிப் பேச அவர்களுக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது.

அந்த இரண்டு ஆட்டங்களில் அவர் காலில் இருந்த ஒரு பொருள்தான் பலர் கவனிக்காதது. அதே ஆண்டு டெக்சாஸ் லீகின் ஃபோர்ட் வொர்த் அணிக்காக ஸ்பூனர் 21 வெற்றியும் 262 ஸ்ட்ரைக்அவுட்டும் எடுத்திருந்தார். வேகத்தில் யாருக்கும் சந்தேகமில்லை. குறை ஒன்றுதான்: பந்து கட்டுக்குள் நிற்காது, எதிரணிக்கு வாக் (நான்கு பந்து இலக்கை விட்டு விலகினால் பேட்டருக்கு இனாமாகக் கிடைக்கும் முதல் பேஸ்) தாராளமாகப் போகும். இடையில் முழங்காலில் அடிபட்டு, உறை போட்டுக்கொண்டு வீச வேண்டியதாயிற்று. காலை முன்போல் நீட்டி வைக்க முடியாமல் அடி குறுகியது. அடி குறுகியதும் பந்து கட்டுக்குள் வந்தது.

இதில் அதிசயம் எதுவும் இல்லை. பிட்சர் மேட்டிலிருந்து முன்னே வைக்கும் அடி அவர் உயரத்தில் 80 முதல் 90 சதவீதம் வரை இருக்கும். அடி நீள நீள வேகத்துக்கு வழி உண்டு. ஆனால் கால் தரையில் ஊன்றும் நொடியில் இடுப்பு, உடல், தோள் மூன்றும் வரிசையாகத் திரும்பி முடிய வேண்டும். அடி மிக நீண்டுவிட்டால் உடல் பின்தங்கும், கை தாமதமாக வரும், பந்து உயரப் போகும். 60 அடி 6 அங்குலம் தள்ளி, பேட்டர் பக்கத்தில் நிற்கும் இலக்குத் தட்டுக்கு, கையை விடும்போது ஒரு பாகை பிசகினால் பந்து ஏறக்குறைய ஓர் அடி விலகிவிடும். இளம் வேகக்காரர்களில் பலர் வேகம் கூட்டுவதற்காக அடியை நீட்டித்தான் கட்டுப்பாட்டை இழக்கிறார்கள். எந்தப் பயிற்சியாளர் சொல்லியும் வராத திருத்தம் ஸ்பூனருக்கு ஒரு முழங்கால் உறையால் வந்தது.

1955 மார்ச். ஃபுளோரிடாவின் வீரோ பீச்சில் டாட்ஜர்ஸின் பயிற்சி முகாம். போரின்போது கடற்படை விமானத்தளமாக இருந்த இடத்தை 1948-இல் எடுத்து, கிளப் தன் கீழ் அணிகள் அனைத்தையும் அங்கே சேர்த்துக் குவித்து வைத்திருந்தது. நூற்றுக்கணக்கான ஆட்டக்காரர்கள். பிட்சர்கள் மட்டும் ஏராளம். ஒருவருக்குக் கை வலித்தால் அவர் இடத்துக்கு வரிசையில் ஆள் நிற்பார். அப்போதைய ஒப்பந்த முறையில் ஆட்டக்காரர் தானாக வேறு அணிக்குப் போக முடியாது. சம்பளம் ஆண்டுக்கு ஆண்டு கிளப் முடிவு செய்வது. 1970களின் நடுவில்தான் அது உடைந்தது. அப்படிப்பட்ட முகாமில் வலியை வாய்விட்டுச் சொல்வது கெட்டிக்காரத்தனமாகக் கருதப்படவில்லை.

சிகாகோ வைட் சாக்ஸுடன் ஒரு பயிற்சி ஆட்டம். முதல் சில இன்னிங்ஸ் சக பிட்சர் ஜானி பொட்ரெஸ் வீசுவார், பிறகு ஸ்பூனர் என்பது ஏற்பாடு. பொட்ரெஸ் எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே வெளியேற, ஸ்பூனர் அவசரமாக மேட்டுக்கு வந்தார். தோள் சூடேறும் அளவுக்கு முன்பந்துகள் வீசியிருக்கவில்லை. வந்ததும் முழு பலத்தோடு வீசினார். ஒரு பேட்டரை ஸ்ட்ரைக்அவுட் ஆக்க வேண்டி ஒரு கர்வ் பாலைச் சொடுக்கியபோது தோளில் எதுவோ இழுத்ததுபோல இருந்தது. வீசுவதை அவர் நிறுத்தவில்லை. வலி அன்றிரவு தொடங்கி, அதற்குப் பிறகு முழுசாகப் போகவே இல்லை.

தோள் மூட்டைப் பற்றி இங்கே கொஞ்சம் பேசியாக வேண்டும். இடுப்பு மூட்டு ஆழமான கிண்ணத்தில் உட்கார்ந்த பந்து. தோள் அப்படியல்ல, தட்டையான தட்டில் வைத்த எலுமிச்சை. எல்லாப் பக்கமும் கை சுழல முடிவது இதனால்தான், எளிதில் நழுவுவதும் இதனால்தான். தட்டின் விளிம்பைச் சுற்றி லேப்ரம் என்னும் குருத்தெலும்பு வளையம் இருக்கிறது. எலுமிச்சையைத் தட்டோடு சேர்த்துப் பிடிப்பது நான்கு சிறு தசைகளும் அவற்றின் நாண்களும் சேர்ந்த உறை. ரொட்டேட்டர் கஃப் என்று இதைச் சொல்கிறார்கள். பெரிய தசைகள் கையை ஓட்டுகின்றன, இந்தச் சிறியவை மூட்டைக் காக்கின்றன.

ஒரு மேஜர் லீக் பிட்சர் கையைப் பின்னே வளைக்கும்போது மேற்கை ஏறக்குறைய 175 பாகை வரை பின்பக்கம் திரும்பிவிடுகிறது, முன்கை தரைக்கு இணையாக முதுகுக்குப் பின்னே கிடக்கும். அங்கிருந்து முன்னே சுழலும் வேகம் நொடிக்குச் சுமார் 7,000 பாகை. அதே வேகம் நீடித்தால் நொடிக்கு 19 முழுச் சுற்று. கால் ஊன்றியதிலிருந்து பந்து கையை விட்டுப் போகும்வரை ஏழில் ஒரு நொடிதான் ஆகிறது. பந்து போன பிறகுதான் பெரிய சோதனை. கிளம்பிய கையை யாராவது நிறுத்த வேண்டுமே! அந்தக் கணத்தில் கையை மூட்டிலிருந்து பிய்த்து இழுக்கும் விசை பிட்சரின் உடல் எடைக்குக் கிட்டத்தட்டச் சமம். அதைத் தாங்கிப் பிரேக் போடுவது தோளின் பின்பக்கச் சிறு தசைகள். ஒவ்வொரு பந்துக்கும் இது ஒரு முறை நடக்கிறது.

குளிர்ந்த தசையும் நாணும் விறைப்பானவை. சூடும் இரத்த ஓட்டமும் ஏறிய பிறகுதான் அவை நீண்டு கொடுக்கும். அதனால்தான் தொடக்க பிட்சர்கள் ஆட்டத்துக்கு அரைமணிக்கு மேல் முன்பாகவே வேலையைத் தொடங்குகிறார்கள். முதலில் உடல் வியர்க்கும்வரை ஓட்டம். பிறகு தோளுக்கு லேசான அசைவுகள், இப்போதானால் ரப்பர் பட்டையோடு. அடுத்து 20 மீட்டரில் தொடங்கித் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போகும் எறிதல். கடைசியில் மேட்டிலிருந்து 30 பந்துக்குக் குறையாமல்: பாதி வேகத்தில் ஃபாஸ்ட் பால், முக்கால் வேகம், பிறகு வேகத்தைக் குறைத்து ஏமாற்றும் சேஞ்ச்-அப், எல்லாவற்றுக்கும் பின்னால்தான் கர்வ் பால். இந்த வரிசையை மாற்றக் கூடாது. கர்வ் பாலுக்கு மணிக்கட்டும் முன்கையும் வேறு மாதிரி திரும்ப வேண்டும், தோள் பிரேக் போடுவதும் கோணம் மாறிய நிலையில்தான். இடையில் வரும் பிட்சருக்கு இவ்வளவு நேரம் கிடைக்காது. ஆனால் அவர் உடல் அதற்குப் பழகியிருக்கும், 20 பந்திலேயே தயாராகிவிடுவார். ஸ்பூனர் பழகியது தொடக்க பிட்சரின் நிதானத்துக்கு.

மார்ச் மாதம் இன்னொரு சங்கதி. குளிர்காலம் முழுக்கச் சும்மா இருந்த கையைப் படிப்படியாகத்தான் முழு வேகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். முகாமின் முதல் வாரங்களில் பிட்சர்கள் பாதி முக்கால் பலத்தோடு வீசுவது சோம்பலால் அல்ல. செப்டம்பரில் 27 ஸ்ட்ரைக்அவுட் எடுத்த ஆளுக்கு, மார்ச்சில் அத்தனை கண்களும் தன்மேல் இருக்கும்போது, பாதி பலத்தில் வீசும் பொறுமை வருமா? பயிற்சி ஆட்டத்தில் எடுக்கும் ஒரு ஸ்ட்ரைக்அவுட்டுக்கு யாதொரு மதிப்பும் இல்லை. அதை எடுக்கப் போய்த்தான் எல்லாம் நடந்தது.

1955 சீசனைத் தோல்வி என்று எழுதுகிறவர்கள் எண்களைச் சரியாகப் பார்ப்பதில்லை. ஸ்பூனர் 29 ஆட்டங்களில் 98⅔ இன்னிங்ஸ் வீசினார், 8 வெற்றி, 6 தோல்வி. ஃபீல்டர்களின் பிழையால் வந்ததைக் கழித்தால், ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்ட ரன் 3.65. லீகின் சராசரி நான்கைத் தாண்டியிருந்தது. ஸ்ட்ரைக்அவுட் 78, ஒன்பது இன்னிங்ஸுக்கு ஏழுக்கும் மேல். வலிக்கிற தோளோடு சராசரியைவிட நன்றாகவே வீசியிருக்கிறார். பட்டம் வென்ற அணியில் அது கௌரவமான பங்கு.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அந்த 29-இல் தொடக்க பிட்சராக இறங்கியது 14 முறை மட்டுமே, மற்ற 15 முறை இடையில் அழைக்கப்பட்டார். அடிபட்ட தோளுக்கு இதைவிட மோசமான வேலைத்திட்டம் கிடையாது. அன்றைய முறையில் தொடக்க பிட்சருக்கு அடுத்த முறை எந்த நாள் என்று தெரியும்: இரண்டு நாள் ஓய்வு, ஒரு நாள் லேசான வீச்சு, பிறகு ஆட்டம். இடையில் வருபவர் எந்த நிமிடமும் எழ வேண்டும். எழுந்து முன்பந்துகள் வீசிவிட்டு, அழைப்பு வராமலே உட்கார வேண்டிய நாட்களும் உண்டு. அந்தப் பந்துகள் எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை, தோளில் மட்டும் ஏறுகின்றன. தவிர, வலியைத் தவிர்க்க உடல் தானாகவே ஒரு வழி தேடும். முழங்கை சற்றுத் தாழும், கை பக்கவாட்டில் வரும், பளு வேறு இடத்துக்குப் போகும். பந்து கிளம்பும் இடம் மாறியதும் கட்டுப்பாடு மறுபடி கெடும்.

உலகத் தொடரில் எதிரணி நியூயார்க் யாங்கீஸ். இரண்டாவது ஆட்டத்தில் ஸ்பூனர் இடையில் வந்து மூன்று இன்னிங்ஸ் வீசி, ஐந்து ஸ்ட்ரைக்அவுட் எடுத்தார், ரன் விடவில்லை. மேனேஜர் வால்டர் ஆல்ஸ்டன் அந்தத் தொடரின் முதல் ஐந்து ஆட்டங்களையும் ஐந்து வெவ்வேறு பிட்சர்களைக் கொண்டு தொடங்கியிருந்தார்: நியூகோம்ப், லோஸ், பொட்ரெஸ், எர்ஸ்கின், கிரெய்க். ஐந்து முடிந்தபோது டாட்ஜர்ஸ் 3–2 என்று முன்னிலை. ஆறாவதுக்கு ஸ்பூனர். அதில் நியாயம் இருந்தது. யாங்கீ ஸ்டேடியத்தின் இடப்புற நடுப்பகுதி எல்லை 450 அடியையும் தாண்டியது, வலது மூலையோ 300 அடிகூட இல்லை. வலப்புறம் இழுத்தடிக்கும் இடக்கை பேட்டர்களை அடக்க இடக்கை பிட்சர்தான் அங்கே பழைய மருந்து.

பில் ரிசுட்டோவுக்கு வாக். பில்லி மார்ட்டின் ஸ்ட்ரைக்அவுட். கில் மெக்டூகல்டுக்கு வாக். யோகி பெர்ரா ஹிட், ஹாங்க் பவர் ஹிட், இரண்டு ரன். அடுத்து வலக்கை பேட்டரான பில் ஸ்கௌரன், எதிர்ப்பக்கமாக, அதே குட்டையான வலப்புற எல்லைக்கு மேலே அடித்தார். மூன்று ரன் ஹோம் ரன். ஒரே ஒரு அவுட், ஐந்து ரன். ஆல்ஸ்டன் பந்தை வாங்கிக்கொண்டார். ஆட்டம் 5–1. மறுநாள் ஏழாவது ஆட்டத்தில் பொட்ரெஸ் 2–0 என்று வெல்ல, புரூக்ளினுக்கு முதலும் கடைசியுமான உலகத் தொடர்ப் பட்டம் கிடைத்தது. ஊர் கொண்டாடிக்கொண்டிருந்தபோது ஸ்பூனரின் மேஜர் லீக் வாழ்க்கை முந்தைய நாளே முடிந்திருந்தது. அது அவருக்கே அப்போது தெரியாது.

1956-இலிருந்து மூன்று ஆண்டுகள் கீழ் லீகுகளில் முயன்று பார்த்தார். தோள் திரும்பவில்லை. 1958-க்குப் பிறகு ஆட்டத்தை விட்டார்.

அன்றைய மருத்துவம் என்ன செய்திருக்க முடியும்? எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், கிழிந்த நாணையோ லேப்ரத்தையோ காட்டாது. அதைக் காட்டும் எம்.ஆர்.ஐ. 1980களில்தான் பரவலானது. தைலம், வெந்நீர் ஒத்தடம், ஓய்வு, கார்ட்டிசோன் ஊசி, இவ்வளவுதான் கையில் இருந்தன. கார்ட்டிசோன் வீக்கத்தை அமர்த்தும், கிழிசலை ஒட்டாது. வலி தெரியாததால் ஆள் மறுபடி முழு பலத்தோடு வீசுவார், கிழிசல் பெரிதாகும். நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைமை இதைவிட வேடிக்கை. கை வலிக்குச் சொத்தைப் பல்லில் இருக்கும் கிருமிதான் காரணம் என்று நம்பி பிட்சர்களின் பல்லைப் பிடுங்கிய கிளப்புகள் இருந்தன. தோளைத் திறந்து அறுவை செய்தால் மேலிருக்கும் பெரிய தசையை வெட்டித்தான் உள்ளே போக வேண்டும். அப்படி வெட்டிய தசையோடு மேஜர் லீக் வேகத்தில் வீசுவது நடக்காத காரியம்.

வழி திறந்தது டாட்ஜர்ஸ் கிளப்பிலிருந்துதான், அணி லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போன பிறகு. 1974 செப்டம்பரில் மருத்துவர் ஃபிராங்க் ஜோப், டாட்ஜர்ஸ் பிட்சர் டாமி ஜானின் முழங்கையில் அறுந்த தசைநார் இருந்த இடத்தில் அவர் மறுகையிலிருந்து எடுத்த நாணைக் கட்டினார். அந்த அறுவைக்கு ஆட்டக்காரரின் பெயரே நிலைத்துவிட்டது. தோள் இன்னும் காத்திருந்தது. 1990-இல் அதே ஜோப், தசைகளை வெட்டாமல் விலக்கி உள்ளே போய் டாட்ஜர்ஸின் இன்னொரு பிட்சர் ஓரெல் ஹெர்ஷைசரின் தோளைச் சரிசெய்தார். ஹெர்ஷைசர் அடுத்த ஆண்டு மே மாதம் மேட்டுக்குத் திரும்பினார். இன்றும்கூட பிட்சர்கள் முழங்கை அறுவையைவிடத் தோள் அறுவைக்கே அதிகம் பயப்படுகிறார்கள். முழங்கையில் மாற்ற வேண்டியது ஒரு கயிறு. தோளில் நான்கு தசை, ஒரு வளையம், ஒரு உறை எல்லாம் சேர்ந்து பழைய இழுவிசைக்கு வர வேண்டும்.

1955 டாட்ஜர்ஸில் இன்னொரு இளம் இடக்கைக்காரரும் இருந்தார், 19 வயது சாண்டி கூஃபாக்ஸ். குறிப்பிட்ட தொகைக்கு மேல் முன்பணம் கொடுத்துச் சேர்த்த ஆட்டக்காரரை இரண்டு ஆண்டு கீழ் லீகுக்கு அனுப்பக் கூடாது என்ற விதியால் அவர் அணியில் இருந்தார். 12 ஆட்டம், 41⅔ இன்னிங்ஸ், மற்ற நாளெல்லாம் பெஞ்சு. வளர வேண்டிய பிட்சரை உட்காரவைத்து வீணாக்கும் விதி என்று அதைத் திட்டாதவர் இல்லை. ஆனால் அந்த விதி அவர் கையை அளவுக்கு மேல் வேலை வாங்கவும் விடவில்லை. அந்த வசந்தத்தில் இருவரில் யார் மேல் பந்தயம் கட்டுவீர்கள் என்று கேட்டிருந்தால் எல்லோரும் ஸ்பூனரைத்தான் காட்டியிருப்பார்கள். கூஃபாக்ஸுக்குப் பந்து கட்டுக்குள் வர 1961 ஆயிற்று. ஆட்டம் முடிந்ததும் முழங்கையை ஐஸ் தண்ணீரில் அமிழ்த்தி உட்காரும் பழக்கத்தோடு, 1966 வரை அவர் வீசினார்.

அறிமுக ஆட்டத்தில் 15 ஸ்ட்ரைக்அவுட் என்ற சாதனையை 1971-இல் ஹூஸ்டனின் ஜே.ஆர். ரிச்சர்ட் சமன் செய்தார். எதிரணி மறுபடி ஜெயன்ட்ஸ், இப்போது சான் பிரான்சிஸ்கோவில். ஆறு அடி எட்டு அங்குல உயரமும் அசுர வேகமும் கொண்ட ரிச்சர்டுக்கு 1980 கோடையில் கை மரத்துப்போகிறது என்ற புகார் இருந்தது. சாக்குச் சொல்கிறார் என்று பேசியவர்களும் இருந்தார்கள். ஜூலை 30 அன்று பயிற்சியின்போது பக்கவாதம் தாக்கி விழுந்தார். அதன் பிறகு அவரும் மேஜர் லீகில் ஒரு பந்துகூட வீசவில்லை.

ஸ்பூனர் வீரோ பீச்சிலேயே குடியமர்ந்தார். ஆரஞ்சும் கிரேப்ஃப்ரூட்டும் தரம் பிரித்துப் பெட்டியில் அடைக்கும் ஒரு கூடத்தில் வேலை பார்த்தார். டாட்ஜர்ஸ் லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போன பின்பும் ஒவ்வொரு வசந்தத்திலும் பயிற்சிக்கு அந்த ஊருக்குத்தான் வந்தார்கள். 1984 ஏப்ரலில், 52 வயதில், அங்கேயே இறந்தார். ஜோப் ஹெர்ஷைசரின் தோளைத் திறக்க அப்போது இன்னும் ஆறு ஆண்டு இருந்தது.